முகாம் பிள்ளைகளின் படிப்புக்கு நிதி: எந்தப் பணத்தை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

வாசகர் கேள்வி: நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. நானும் என் அக்காவும், உடன் பணியாற்றிய தோழி ஒருவரும் சேர்ந்து 2021-இல் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தோம். குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை ஆகிய இடங்களிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கும் உதவுகிறோம். ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் போலச் செலவாகிறது. தெரிந்தவர்கள் தரும் நன்கொடை அதற்குப் போதவில்லை. கனடா குடியுரிமை பெற்ற என் அக்காள் மகன், அங்குள்ள நண்பர்களிடம் திரட்டி ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாயை என் சொந்த வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்கிறான். உறவினர் அனுப்பும் பணத்துக்குத் தடை இல்லை என்கிறான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் பெரியவர் ஒருவரும் ஆண்டுதோறும் காசோலை தருகிறார். அறக்கட்டளைக்கும் நன்கொடையாளருக்கும் வரிச்சலுகை தரும் வருமானவரிப் பிரிவுகளான 12ஏ, 80ஜி ஆகியவற்றுக்குத் தற்காலிகப் பதிவு வாங்கினோம். அதன்பின் அதைப் பார்க்கவில்லை. வெளிநாட்டு நிதியும் கம்பெனி நிதியும் வாங்கித் தருவதாக ஒருவர் பத்து சதவீதம் கமிஷன் கேட்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு, வணக்கம்.

கனடாவிலிருந்து வரும் பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். அனுப்புகிறவரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனாலும் அந்த ஒரு பரிமாற்றம் உங்கள் அறக்கட்டளையையும், அதைவிட முக்கியமாக, உங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் முகாம் குடும்பங்களையும் விசாரணைக்குள் இழுத்துவிடும் என்பதால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010, அதாவது எஃப்.சி.ஆர்.ஏ., கல்வி, சமூகம், பண்பாடு போன்ற பணிகளுக்கு வெளிநாட்டு மூலத்திலிருந்து பணம் பெற விரும்பும் எவரும் உள்துறை அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், இல்லையேல் முன் அனுமதியாவது வாங்கியிருக்க வேண்டும் என்கிறது. உறவினர் அனுப்பும் பணத்துக்குச் சலுகை உண்டு என்று உங்கள் அக்காள் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை உறவினரிடமிருந்து பெறுவதை அரசுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை என 2022-இல் விதி தளர்த்தப்பட்டது. ஆனால் உறவினர் என்பவர் யார் என்பதற்குக் கம்பெனிச் சட்டத்தின் பட்டியலைத்தான் இச்சட்டம் எடுத்துக்கொள்கிறது; அந்தப் பட்டியலில் அக்காள் மகன் இல்லை. அப்படியானால் தன் தாயாருக்கு, அதாவது உங்கள் அக்காவுக்கு அனுப்பி, அவர் அதை அறக்கட்டளைக்குக் கொடுக்கலாமே என்று அடுத்த யோசனை வரும். அதுவும் கூடாது. வெளிநாட்டு மூலத்திலிருந்து ஒருவர் பெற்ற பணம், நேராகவோ பல கைகள் மாறியோ எங்கு போய்ச் சேர்ந்தாலும் வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கருதப்படும் என்று சட்டத்தின் விளக்கவுரை தெளிவாகச் சொல்கிறது. தாய்க்கு மகன் அனுப்பும் பணம் தாயின் சொந்தச் செலவுக்கு உரியது. நண்பர்களிடம் திரட்டியதோ மகனுடைய பணமே அல்ல. மீறினால் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. வங்கியைத் தவிர்த்து உண்டியல் (ஹவாலா) வழியாக அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அப்போதே நிறுத்திவிடுங்கள். விடுதலைப் புலிகள் இயக்கத்தின் மீதான தடை 2024-இல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஈழத்தமிழர் வாழும் நாடுகளிலிருந்து முகாம்களை நோக்கி வரும் பணம் மற்ற நன்கொடைகளைவிடக் கூர்ந்து பார்க்கப்படும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு முடிவையும் எடுக்க வேண்டும்.

இதற்கு நேரான வழி ஒன்று இருக்கிறது. அக்காள் மகனின் நண்பர்களில் எத்தனை பேர் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். கனடாவில் வேலை செய்தாலும் இந்தியக் குடியுரிமையை விடாதவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரும் நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் தனித்தனியே அறக்கட்டளையின் கணக்குக்கு அனுப்பட்டும். கடவுச்சீட்டு நகலை ரசீதுடன் கோப்பில் வையுங்கள். ஒருவர் கணக்கில் திரட்டி மொத்தமாக அனுப்புவது மட்டும் வேண்டாம். குடியுரிமை மாறியவர்களின் பணத்துக்கு, இந்திய வம்சாவளியினருக்கு அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும்கூட, எஃப்.சி.ஆர்.ஏ. வழி தவிர வேறு வழி இல்லை.

புதுச்சேரிப் பெரியவரின் காசோலைதான் உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எங்கள் ஊரில் இது அன்றாடம் வரும் கேள்வி. பிரெஞ்சிந்தியப் பகுதிகளை இந்தியாவுக்கு அளித்த 1956 ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் குடும்பங்களும் இன்றும் புதுச்சேரியிலேயே வாழ்ந்து, இங்குள்ள வங்கியில் ரூபாயாகவே ஓய்வூதியம் எடுக்கின்றன. ஓய்வூதியம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை இச்சட்டம் பார்ப்பதில்லை. கொடுப்பவரின் குடியுரிமையைத்தான் பார்க்கிறது. பெரியவர் இந்தியக் குடிமகனாக இருந்து, மறைந்த மனைவியின் பேரிலோ வேறு வகையிலோ பிரெஞ்சு ஓய்வூதியம் பெறுகிறார் என்றால் அவர் நன்கொடை உள்நாட்டுப் பணமே, தாராளமாக வாங்கலாம். அவர் பிரெஞ்சுக் குடிமகன் என்றால், பிறந்து வளர்ந்ததெல்லாம் முத்தியால்பேட்டையாகவே இருந்தாலும், உள்ளூர் வங்கியின் ரூபாய்க் காசோலையாகவே தந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. நேரில் போய் மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சுக் குடியுரிமை என்று தெரியவந்தால் இனி வாங்குவதை நிறுத்திவிட்டு, இதுவரை வாங்கியவற்றைத் தேதி வாரியாகப் பட்டியலிட்டு, தணிக்கையாளர் துணையுடன் வழக்கில்லாமல் அபராதம் கட்டி முடிக்கும் சமரசத் தீர்வுக்கு உள்துறை அமைச்சகத்திடம் விண்ணப்பியுங்கள். தெரியாமல் நடந்ததை நாமே முன்வந்து சொல்வதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பழைய ரசீதுகளை மாற்றி எழுதுவது மட்டும் எந்நிலையிலும் கூடாது.

இதே காரணத்தால் முகாம் பெற்றோரிடம் நன்கொடையாகவோ சந்தாவாகவோ பணம் வாங்குவதையும் தவிர்த்துவிடுங்கள். நாற்பது ஆண்டுகளாக இங்கே வாழ்ந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர்களில் பலர் இலங்கைக் குடிமக்கள். அவர்கள் தரும் ஐம்பது ரூபாயும் இக்கேள்விக்கு உள்ளாகலாம் என்பது வேதனையான செய்திதான். வகுப்பறையைப் பெருக்குவது, சுண்டல் அவிப்பது என்று உழைப்பாக அவர்கள் தருவதை ஏற்றுக்கொள்ளுங்கள். முகாம்வாசி ஒருவரை அறங்காவலராக்கும் எண்ணம் இருந்தால் அவரைத் தனியாக ஓர் ஆலோசனைக் குழுவில் வையுங்கள். திட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று முடிவு செய்வதில் அவர்கள் குரல் கட்டாயம் இருக்க வேண்டும். பதிவுக் காகிதத்தில் மட்டும் சிக்கல் வேண்டாம்.

எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு பெற மூன்றாண்டுப் பணியும், கடந்த மூன்று நிதியாண்டுகளில் குறைந்தது பதினைந்து லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். உங்கள் செலவு ஒன்பது லட்சத்தைச் சுற்றித்தான் வரும். ஆகவே இப்போதைக்குத் திறந்திருப்பது முன் அனுமதி ஒன்றே. குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட திட்டம் என்று எழுத்தில் உறுதிக்கடிதம் இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். அதிலும் உங்கள் நிலையில் ஒரு தடை உண்டு. கொடையாளர் தனிநபராக இருந்தால் அவர் உங்கள் அமைப்பில் பொறுப்பு வகிக்கக் கூடாது. நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினராவது அவருடைய குடும்பத்தினரோ நெருங்கிய உறவினரோ அல்லாதவராக இருக்க வேண்டும். உங்கள் அக்காள் மகனே கொடையாளர் என்றால், இப்போதுள்ள மூன்று அறங்காவலர்களில் ஒருவர் அவருடைய தாயார், மற்றொருவர் சிற்றன்னை. அக்கா விலகி, வெளியார் இருவர் சேர்ந்து நால்வரானால், உங்களை உறவினராகக் கணக்கிட்டாலும் அளவு சரியாகிவிடும். முகாமுக்கு வந்து போகும் ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் போன்றவர்களை அணுகலாம். அனுமதி கிடைத்த பின்னும் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு இருபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

பதிவு பெற்ற பெரிய அமைப்பு ஒன்றிடமிருந்து வாங்கிக்கொள்ளலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. முகாம்களில் நெடுங்காலமாகப் பணியாற்றும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், இயேசு சபை அகதிகள் பணி போன்றவற்றிடம் பணம் கேட்காமல் பணியைப் பகிர்ந்துகொள்ளக் கேளுங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர்களே நேரடியாகப் பயிற்சியோ உதவித்தொகையோ வழங்கலாம். அது உங்கள் கணக்கில் வரவாகாது. ஐக்கிய நாடுகள் சபையும் அதன் சிறப்பு முகமைகளும் இச்சட்டத்தில் வெளிநாட்டு மூலமாகக் கருதப்படுவதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆனால் இந்த அளவுப் பணிக்கு அவ்வழி பயன்படும் என்று நான் நினைக்கவில்லை.

உங்களுக்கு உண்மையில் பலன் தரக்கூடியது உள்ளூர்ப் பணம் என்பதே என் உறுதியான எண்ணம். 2004 சுனாமிக்குப் பின் தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை வரை வெளிநாட்டு நிதி வெள்ளமாக வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நிதியை மட்டும் நம்பி எழுந்த அமைப்புகள் பல, நிதி வற்றியதும் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டன. ஊர்க்காரர்களின் சிறு தொகையும் ஒழுங்கான கணக்கும் இருந்தவையே நிலைத்தன.

அதற்கு முதல் வேலை 12ஏ, 80ஜி பதிவுகளைப் பார்ப்பது. தற்காலிகப் பதிவின் ஆயுள் மூன்றாண்டுதான். அது முடிவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்போ, பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள்ளோ, எது முந்தியதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் காலம் கடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் உடனே தணிக்கையாளரைப் பாருங்கள். தகுந்த காரணம் காட்டினால் 12ஏ விண்ணப்பத்தின் தாமதத்தை மன்னிக்க வருமானவரி ஆணையருக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட வருமானவரிச் சட்டம், 2025 பிரிவு எண்களை மாற்றியிருப்பதால், நாம் பழகிய எண்களைக் கொண்டு பழைய படிவங்களையே நிரப்பிவிட வேண்டாம். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் நன்கொடையாளர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்பதிவுகள் சரியானால் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர்., உங்களுக்குத் திறக்கும். நிகர லாபம் ஐந்து கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும் என்பது கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. குறிஞ்சிப்பாடிக்கு நெய்வேலி எவ்வளவு தொலைவு? என்.எல்.சி. இந்தியா பக்கத்திலேயே இருக்கிறது. சிப்காட்டில் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. மூன்றாண்டுப் பணி அனுபவமும், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும் கேட்பார்கள். தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் தளத்திலும் பதிந்துவிடுங்கள். கம்பெனிகள் செலவிடக்கூடிய தலைப்புகளைக் கூறும் ஏழாம் அட்டவணையில் அகதிகளுக்கென்று தனித் தலைப்பு கிடையாது. கல்வி, உடல்நலம், தொழிற்பயிற்சி, பின்தங்கியோரின் ஏற்றத்தாழ்வைக் குறைத்தல் ஆகியவை இருக்கின்றன. உங்கள் விண்ணப்பம் கல்வித் திட்டமாகவே செல்லட்டும்.

விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரியிடமிருந்து வரும் முதல் கேள்வி, அரசுதான் எல்லாம் செய்கிறதே என்பதாக இருக்கும். அந்தக் கேள்வி நியாயமானது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு முகாம்களுக்கென 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முன்வந்தது; மாத உதவித்தொகையையும் குடும்பத்தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாய் என உயர்த்தியது. இதை விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே நீங்களே எழுதிவிடுங்கள். பிறகு, அரசு உதவி எட்டாத இடம் எது என்று காட்டுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் எந்தக் கல்லூரியில் எந்த ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம் என்று சொல்ல ஆளில்லாமல் வீட்டோடு இருப்பதும், பெயின்ட் வேலைக்குத் தகப்பனுடன் போய்விடும் பையன் ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுவிடுவதும் உங்களுக்கு நேரில் தெரியும். அதை எழுதுங்கள்.

வரவுசெலவுத் திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரி ஒன்று தருகிறேன். நாற்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு முகாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். முகாமிலேயே பட்டம் முடித்த இரண்டு இளைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வீதம் பத்து மாத மதிப்பூதியம் 1,20,000. மாலைச் சுண்டலுக்குப் பிள்ளைக்குப் பத்து ரூபாய் வீதம் 200 நாளுக்கு 80,000. குறிப்பேடு, வினா-விடைத் தொகுப்பு ஆகியவற்றுக்கு 20,000. கல்லூரிக் கலந்தாய்வுக்கான பயணமும் விண்ணப்பக் கட்டணமும் 20,000. கணக்கு எழுதவும் தணிக்கைக்கும் 20,000. மொத்தம் 2,60,000; ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,500 ரூபாய். இப்படி அலகுக் கணக்கோடு எழுதினால், முழுத் தொகையும் இல்லாவிட்டாலும் பத்துப் பிள்ளைகளுக்கு உரிய 65,000 ரூபாயையாவது ஏற்க யாராவது முன்வருவார்கள். தணிக்கைச் செலவைக் கேட்கத் தயங்கிப் பலர் விட்டுவிடுகிறார்கள், தயங்காமல் சேருங்கள். வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான பணியைத் தனித் திட்டமாக, தனிக் கணக்குத் தலைப்பில் எழுதுங்கள். அவர்கள் இந்தியக் குடிமக்கள், தேவையும் வேறு. ஆலை நிர்வாகங்களுக்குத் தம் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள் என்ற பொறுப்பும் இருப்பதால் அந்த விண்ணப்பம் சிப்காட்டில் எளிதாக எடுபடலாம்.

விண்ணப்பத்துடன் பிள்ளைகளின் பெயர், முகாம் பதிவு எண், அழுத முகங்களின் படம் எதையும் அனுப்பாதீர்கள். இதை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தியா 1951 அகதிகள் மாநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. இவர்களின் இருப்பு அரசின் ஆணைகளைச் சார்ந்தே நிற்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா தொடர்பான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில்தான் விலக்கு அளிக்கப்பட்டது. அப்படிப்பட்டவர்களின் விவரம் நம் கையை விட்டுப் போனால் எங்கெங்கு சுற்றும் என்று நம்மால் சொல்ல முடியாது. வகுப்பு வாரியான எண்ணிக்கை, வருகை விகிதம், தேர்ச்சி விவரம் ஆகியவை போதும். கொடையாளர் நேரில் பார்க்க விரும்பினால், முகாமுக்குள் அழைத்துச் செல்லும் முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் வழியாக எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். வெளிநாட்டவர் என்றால் இது இன்னும் கட்டாயம்.

கமிஷன் கேட்பவரைப் பற்றிக் கடைசியாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வேண்டாம். வெளிநாட்டு நிதிப் பதிவுகளை முடித்துத் தருவதாகச் சொன்ன இடைத்தரகர்களும் அதிகாரிகள் சிலரும் 2022 மே மாதத்தில் சி.பி.ஐ.-யால் கைது செய்யப்பட்டார்கள். அவர்கள் வழியாகப் போன தொண்டு நிறுவனங்களும் விசாரணையில் சிக்கின. வரும் நிதியில் பங்கு என்று கேட்பவருக்கு, திட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதில்தான் அக்கறை இருக்கும். பிள்ளைகளின் பெயரில் வந்த பணத்திலிருந்து அந்தப் பத்து சதவீதத்தை எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவீர்கள்? எழுத்துவேலைக்கு உதவி தேவைப்பட்டால், நிதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இவ்வளவு என்று முன்பே பேசிய கட்டணத்தை ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஆசிரியையாக இருந்த உங்களுக்கு அதுகூடத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். முதல் விண்ணப்பத்தை நீங்களே எழுதி, பதிவுச் சான்றுகளின் நகலோடு எனக்கு அனுப்புங்கள். நெய்வேலிக்குப் போகும் முன் படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.